தீர்ப்பு ஒன்று, பொழிப்புரை ஆயிரம்

அமெரிக்காவில் தேர்தல் முடிவுக்கு அர்த்தம் சொல்வது ஒரு பெரும் தொழில். அர்த்தம் தவறிப்போகும்போது விலை கொடுப்பவர் மட்டும் வாக்காளர்தான்.

1994 டிசம்பர். பால்டிமோர் நகரில் ஒரு விருந்து. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு முதல் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் கூடியிருந்தார்கள். ஆனால் அன்றைய கதாநாயகர் அவர்களில் எவரும் அல்ல. ரேடியோ வர்ணனையாளர் ரஷ் லிம்போ. பருத்த உடல், கனத்த குரல், எதிராளியைக் கிண்டலடித்தே வீழ்த்தும் நாக்கு. எந்தத் தொகுதியிலும் நிற்காத, ஒரு ஓட்டுகூட வாங்காத அவரைத் தங்கள் அணியின் கௌரவ உறுப்பினராக அறிவித்தார்கள் அந்தப் புதியவர்கள்.

அது வெறும் நன்றிக்கடன் அல்ல. தேர்தலில் ஜெயிப்பது வேட்பாளர்தான் என்றாலும், ஜெயித்ததற்கு என்ன அர்த்தம் என்பதை முடிவு செய்கிறவர் மைக்கின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலம்.

ஒரு மாதம் முன்பு, நவம்பர் 8ஆம் தேதி, அமெரிக்க அரசியல் தலைகீழாகியிருந்தது. பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சிக்குக் கூடுதலாக 54 இடங்கள். செனட்டும் கைக்கு வந்தது. 40 ஆண்டுகளில் முதன்முறையாக சபை அவர்கள் வசமானது. சபாநாயகர் டாம் ஃபோலி தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். பதவியிலிருக்கும் சபாநாயகர் தோற்பது 1862க்குப் பிறகு அதுவே முதல் முறை. குடியரசுக் கட்சியின் பதவியிலிருந்த எம்.பி., செனட்டர், ஆளுநர் ஒருவர்கூடத் தோற்கவில்லை.

முடிவுகள் வெளியான சூட்டோடு அர்த்தம் சொல்லும் போட்டி ஆரம்பமாயிற்று. வலதுசாரி வர்ணனையாளர்களுக்கு இது 'புரட்சி'. ரூஸ்வெல்ட் காலத்திலிருந்து ஊதிப் பெருத்த அரசாங்கத்தை இடித்துத் தள்ள மக்கள் உத்தரவு கொடுத்துவிட்டார்கள். புதிய சபாநாயகர் நியூட் கிங்ரிச்சின் 'அமெரிக்காவுடன் ஒப்பந்தம்' என்ற பத்து அம்சத் திட்டத்துக்குக் கிடைத்த அங்கீகாரம். மறுதரப்புக்கு இது வெள்ளைக்கார ஆண்களின் கோபம். ஏபிசி தொலைக்காட்சியின் பீட்டர் ஜென்னிங்ஸ் தன் ரேடியோ உரையில், அடம்பிடித்து அழும் இரண்டு வயதுக் குழந்தையோடு வாக்காளர்களை ஒப்பிட்டார். வென்றவர்களுக்கு வாக்காளர் தத்துவ ஞானி, தோற்றவர்களுக்குக் கைக்குழந்தை.

எண்கள் இரண்டையும் ஆதரிக்கவில்லை. வாக்களிக்கும் வயதுடையவர்களில் சுமார் 40 சதவீதம் பேரே அன்று சாவடிக்குப் போனார்கள். அதில் பாதியைச் சற்றே தாண்டிய பங்கு குடியரசுக் கட்சிக்கு. அதாவது ஐந்து அமெரிக்கர்களில் ஒருவர். அந்தப் பத்து அம்ச ஒப்பந்தம் பற்றியோ, பெரும்பாலான வாக்காளர்கள் கேள்விப்பட்டதே இல்லை என்று கருத்துக் கணிப்புகள் காட்டின. படித்தே பார்க்காத பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதாக அவர்கள் மீது சாட்சி சொல்லப்பட்டது.

பூட்டிய கதவுகள்

'புரட்சி' என்ற பொழிப்புரையை நம்பியவர்கள் அதன்படியே நடந்துகொண்டார்கள். அங்கேதான் விபரீதம்.

1995 ஏப்ரல் 18 அன்று அதிபர் பில் கிளிண்டன் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். தனக்கு இன்னும் வேலை இருக்கிறது, அரசியல் சாசனம் தன்னைப் பொருட்படுத்தத்தக்கவனாக வைத்திருக்கிறது என்று அவரே சொல்லிக்கொள்ள வேண்டிய நிலை. மூன்று பெரிய தொலைக்காட்சிகளில் ஒன்றுதான் அதை நேரடியாக ஒளிபரப்பியது. அதிபர் முடிந்துபோனவர் என்று வர்ணனையாளர்கள் தீர்மானித்துவிட்டிருந்தார்கள்.

பட்ஜெட் விஷயத்தில் அந்த அதிபர் பணிந்துவிடுவார் என்பது கிங்ரிச்சின் கணக்கு. அவர் பணியவில்லை. 1995 நவம்பர் 14 அன்று பணம் ஒதுக்கப்படாமல் மத்திய அரசு அலுவலகங்கள் மூடப்பட்டன. சுமார் 8 லட்சம் ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சில நாட்களில் திறந்து, டிசம்பர் 16 அன்று மறுபடி பூட்டு. இந்த முறை 21 நாட்கள். கிறிஸ்துமஸும் புத்தாண்டும் சம்பள நிச்சயமில்லாமல் கழிந்தன. தேசியப் பூங்காக்களும் அருங்காட்சியகங்களும் மூடிக் கிடந்தன. பாஸ்போர்ட் விண்ணப்பங்கள் லட்சக்கணக்கில் தேங்கின. தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆராய்ச்சி மருத்துவமனையில் புதிய நோயாளிகள் சேர்க்கப்படவில்லை. வழக்கமான சிகிச்சைகள் கைவிட்ட பிறகு கடைசி நம்பிக்கையோடு வருகிறவர்களுக்கான இடம் அது.

இதற்கிடையே கிங்ரிச் ஒரு காரியம் செய்தார். இஸ்ரேல் பிரதமர் ராபினின் இறுதிச் சடங்குக்குப் போய்த் திரும்பிய அதிபரின் விமானத்தில் தன்னோடு யாரும் பேசவில்லை, பின்வாசல் வழியாக இறக்கிவிட்டார்கள் என்று பத்திரிகையாளர்களிடம் புலம்பினார். பட்ஜெட் மோதலில் தன் பிடிவாதத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்றார். மறுநாள் நியூயார்க் டெய்லி நியூஸ் அவரை டயப்பர் கட்டிய அழுமூஞ்சிக் குழந்தையாக முதல் பக்கத்தில் வரைந்தது. வாக்காளரைக் குழந்தை என்றவர்கள் மாறி, வாக்காளரின் பிரதிநிதியே குழந்தையானார்.

கதவடைப்புக்கு மக்கள் அதிபரைவிடக் காங்கிரஸையே அதிகம் குறை சொன்னார்கள். 1996 நவம்பரில் 379 தேர்வாளர் வாக்குகளோடு கிளிண்டன் மீண்டும் ஜெயித்தார். அதே வாக்காளர்கள் சபையைக் குடியரசுக் கட்சியிடமே விட்டுவைத்தார்கள். புரட்சியும் இல்லை, எதிர்ப்புரட்சியும் இல்லை.

ஆனால் 1994க்கான பொழிப்புரையை எதிர்க் கட்சியினர் மட்டும் நம்பவில்லை. கிளிண்டனும் பாதி நம்பினார். பெரிய அரசாங்கத்தின் காலம் முடிந்துவிட்டது என்று 1996 ஜனவரியில் காங்கிரஸில் அறிவித்தார். ஆகஸ்ட் 22 அன்று பொதுநல உதவிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு 1935 முதல் மத்திய அரசு அளித்துவந்த உத்தரவாதம் அதோடு முடிந்தது. மத்திய அரசின் பணத்தில் உதவி பெறுவதற்கு வாழ்நாளில் ஐந்தாண்டுதான் வரம்பு. அந்தத் திட்டத்தை நம்பியிருந்தவர்கள் 1 கோடிக்கும் மேல், பெரும்பாலோர் குழந்தைகள். கிளிண்டனின் சொந்த நிர்வாகத்திலேயே பீட்டர் எடல்மன், மேரி ஜோ பேன் ஆகிய உயரதிகாரிகள் எதிர்ப்புத் தெரிவித்துப் பதவி விலகினார்கள். வேலைக்குப் போகவைத்த வெற்றி என்று ஒரு சாராரும், ஏழையின் பிடிமானத்தைப் பறித்த கொடுமை என்று மறு சாராரும் அந்தச் சட்டத்தைப் பற்றி இன்றும் வாதிடுகிறார்கள். சட்டம் வந்த பாதை பற்றி மட்டும் சந்தேகமில்லை: 1994 நவம்பர் முடிவுக்குச் சொல்லப்பட்ட அர்த்தம்.

பழைய வியாதி

தேர்தல் வெற்றியை 'மக்கள் ஆணை' என்று கொண்டாடுவது புதிதல்ல. 1832ல் மறுபடி ஜெயித்த ஆண்ட்ரூ ஜாக்சன், அமெரிக்க வங்கியை ஒழிக்க மக்கள் தனக்கு உத்தரவிட்டதாகச் சொன்னார். யேல் பல்கலைக்கழக அரசியல் அறிஞர் ராபர்ட் டால் 1990ல் இதைக் கட்டுக்கதை என்றே எழுதினார். அவர் வாதம் எளிமையானது. வாக்காளர் ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கிறார். எந்தக் கொள்கைக்காக, எந்தக் கோபத்தால், எந்தப் பயத்தால் என்பதை அந்தச் சீட்டு சொல்லாது.

சொல்லாததைச் சொன்னதாக எழுதி மூக்குடைபட்டவர்கள் ஏராளம். 1948ல் குடியரசுக் கட்சி சார்புள்ள 'சிகாகோ டிரிப்யூன்', ட்ரூமனை டூயி தோற்கடித்தார் என்று தலைப்பிட்டது. அச்சுக்கூட வேலைநிறுத்தத்தால் பத்திரிகையைச் சீக்கிரமே அச்சுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. டூயிதான் ஜெயிப்பார் என்று எல்லாக் கணிப்பாளர்களும் சொல்லியிருந்ததால் யாருக்கும் தயக்கமில்லை. ஜெயித்த ட்ரூமன் செயின்ட் லூயிஸ் ரயில் நிலையத்தில் அந்தப் பத்திரிகையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்த புகைப்படம் இன்றும் உலகப் பிரசித்தம்.

1964ல் லிண்டன் ஜான்சனுக்கு 61 சதவீத வாக்கு. பாரி கோல்ட்வாட்டருக்கு ஆறு மாநிலங்கள். பழமைவாத அரசியலுக்குக் கருமாதி முடிந்ததாகக் கட்டுரைகள் வந்தன. இரண்டே ஆண்டுகளில் அந்தக் கட்சி சபையில் 47 இடங்களைக் கூடுதலாகப் பிடித்தது. கோல்ட்வாட்டருக்காகத் தொலைக்காட்சியில் பேசிய நடிகர் ஒருவர் அதே 1966ல் கலிஃபோர்னியா ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெயர் ரொனால்ட் ரேகன். 1972ல் 49 மாநிலங்களை வென்ற நிக்சன், 1974 ஆகஸ்டில் ராஜினாமா செய்து மூட்டையைக் கட்டினார்.

அலசல் தேவையே இல்லாத ஒரு விளக்கம் எப்போதும் கைவசம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் தேர்தல்களில், அதிபரின் கட்சி சபையில் இடங்களை இழக்காமல் கூடுதலாகப் பெற்றது 1998லும் 2002லும் மட்டுமே. ஆளும் கட்சியைத் தட்டிவைப்பது அமெரிக்க வாக்காளரின் பழக்கம். ஆனால் 'பழக்கப்படி நடந்தது' என்று சொன்னால் ஒரு மணி நேர நிகழ்ச்சி ஓடாது.

கடை விரித்த கதை

அர்த்தம் சொல்வது தொழிலானதற்கு ஒரு தேதி உண்டு. சர்ச்சைக்குரிய விஷயங்களில் இரு தரப்பையும் ஒலிபரப்ப வேண்டும் என்ற விதி 1949 முதல் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் இருந்தது. 1987ல் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் அதைக் கைவிட்டது. மறு ஆண்டு ஆகஸ்டில் லிம்போவின் நிகழ்ச்சி நாடு முழுவதும் ஒலிக்க ஆரம்பித்தது. 1990களின் நடுவில் 600க்கும் மேற்பட்ட நிலையங்களில் அவர் குரல். 1996ல் ஜூலையில் எம்.எஸ்.என்.பி.சி., அக்டோபரில் ஃபாக்ஸ் நியூஸ். முன்பு ஒரு ஊருக்கு ஒரு பத்திரிகை, மூன்று சானல்கள். எல்லாருக்கும் பொதுவாகப் பேசியாக வேண்டும். இப்போது ஒரு தரப்பாரை மட்டும் பிடித்துவைத்தால் போதும், விளம்பரம் வரும். நேயரைக் கோபமாக வைத்திருப்பதே மூலதனம்.

சரக்குக்கும் பஞ்சமில்லை. சாவடியிலிருந்து வெளியே வருபவரிடம் கேள்வித்தாள் கொடுக்கும் கணிப்பு முறையை 1967ல் சி.பி.எஸ். தொடங்கியது. 2004ல் அந்தத் தாளில் 'முக்கியப் பிரச்சினை எது' என்ற கேள்விக்கு 22 சதவீதம் பேர் 'நெறிமுறை மதிப்புகள்' என்று குறித்திருந்தார்கள். பொருளாதாரம் 20, பயங்கரவாதம் 19. இரண்டு புள்ளி வித்தியாசம் ஒரு சித்தாந்தமாயிற்று. மதவாதிகள்தான் புஷ்ஷை ஜெயிக்கவைத்தார்கள் என்று ஒரு தரப்பு பெருமைப்பட்டது, மறு தரப்பு பயந்தது. பயங்கரவாதத்தையும் இராக்கையும் சேர்த்தால் 34 சதவீதம் என்று கூட்டிப் பார்த்தவர்களின் குரல் எடுபடவில்லை.

புஷ் தான் சம்பாதித்த அரசியல் மூலதனத்தைச் செலவிடப் போவதாக அறிவித்தார். சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தின் ஒரு பகுதியைத் தனியார் முதலீட்டுக் கணக்குகளுக்கு மாற்றும் திட்டத்தில் அதைப் போட்டார். 2005 முடிவதற்குள் திட்டம் செத்தது. 2006ல் இரு அவைகளும் கைநழுவின. மூலதனம் இருந்ததாகச் சொன்னவர்கள் யாரும் கணக்குக் கேட்க வரவில்லை.

நான்கு ஆண்டு முன்பு, 2000 நவம்பர் 7 இரவு, அர்த்தம் சொல்லும் அவசரம் எண்ணிக்கையையே முந்தியது. முன்னிரவில் சானல்கள் ஃபுளோரிடா அல் கோருக்கு என்றன. பிறகு வாபஸ். நள்ளிரவு தாண்டி 2.16 மணிக்கு ஃபாக்ஸ் புஷ் ஜெயித்ததாக அறிவித்தது. மற்றவை நிமிடங்களில் பின்தொடர்ந்தன. ஃபாக்ஸில் அந்தக் கணிப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜான் எல்லிஸ், புஷ்ஷின் உறவுமுறைச் சகோதரர். விடிவதற்குள் அதுவும் வாபஸ். ஆனால் 'ஜெயித்தவர் புஷ், வம்பு செய்பவர் கோர்' என்ற படம் பதிந்துவிட்டது. 35 நாட்களுக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் மறு எண்ணிக்கையை நிறுத்தியது. வித்தியாசம் 537 ஓட்டு. நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் கோருக்கு 5 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டுகள் கூடுதல்.

பிரேதப் பரிசோதனைகள்

தோற்ற கட்சி செய்யும் சுயபரிசோதனைக்கு அமெரிக்காவில் 'பிரேதப் பரிசோதனை' என்றே பெயர். 2012ல் மிட் ராம்னி தோற்றதும் குடியரசுக் கட்சித் தலைவர் ரைன்ஸ் பிரீபஸ் ஒரு குழுவை அமைத்தார். 2013 மார்ச்சில் வந்த அறிக்கை, ஸ்பானிய மொழி பேசுவோரையும் பெண்களையும் இளைஞர்களையும் அரவணைக்க வேண்டும், குடியேற்றச் சட்டச் சீர்திருத்தத்தை ஆதரிக்க வேண்டும் என்றது. இதெல்லாம் செய்யாவிட்டால் கட்சி சிறுத்துப்போகும். டொனால்ட் டிரம்ப் ஒவ்வொரு அறிவுரைக்கும் நேர் எதிராகச் செய்து 2016ல் வெள்ளை மாளிகைக்குப் போனார். அவருடைய முதல் அலுவலகத் தலைவர் அதே பிரீபஸ்.

மறு தரப்பின் பஞ்சாங்கமும் பலிக்கவில்லை. ஜான் ஜூடிஸ், ரூய் டெய்ஷைரா இருவரும் 2002ல் எழுதிய புத்தகம், சிறுபான்மையினரும் படித்த நகரவாசிகளும் பெருகுவதால் ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை உருவாகிவருகிறது என்றது. 2008ல் ஒபாமா ஜெயித்ததும் அது வேதவாக்கானது. வெள்ளைத் தொழிலாளிகளில் கணிசமானவர்களைக் கைவிடாமல் இருந்தால்தான் இது நடக்கும் என்று ஆசிரியர்கள் போட்டிருந்த நிபந்தனையை மட்டும் ரசிகர்கள் மறந்தார்கள். இரண்டே ஆண்டுகளில் ஒபாமாவின் கட்சி 63 இடங்களை இழந்தது. 2023ல் அந்த இருவரும் இன்னொரு புத்தகம் எழுதினார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்பது அதன் கேள்வி.

2016ன் தீர்ப்பு மூன்று மாநிலங்களில் சுமார் 78 ஆயிரம் ஓட்டில் அமைந்தது. பொருளாதார ஏக்கம், நிறவெறி, ரஷ்யச் சதி, வேட்பாளரின் குறை என்று ஆயிரம் விளக்கம். அவ்வளவு சிறிய வித்தியாசத்துக்கு எல்லாமே காரணமாக இருக்கலாம். ஆகவே எதையும் நிரூபிக்கத் தேவையில்லை.

அர்த்தத்திலிருந்து மறுப்புக்கு

2020 வரை சண்டை ஒன்றைப் பற்றித்தான்: முடிவுக்கு என்ன அர்த்தம்? அதன் பிறகு வேறு கேள்வி வந்தது: முடிவு முடிவுதானா?

பைடனுக்கு 70 லட்சம் ஓட்டு கூடுதல். ஆனால் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து வித்தியாசம் 43 ஆயிரம்தான். அரிசோனா பைடனுக்கு என்று முதலில் சொன்னது ஃபாக்ஸ். சொன்னது சரி, ஆனால் நேயர்கள் கொதித்து வேறு சானல் தேடினார்கள். வாக்கு இயந்திர நிறுவனமான டொமினியன் தொடர்ந்த வழக்கில் பின்னர் வெளியான ஆவணங்கள், உள்ளே நடந்ததைக் காட்டின. மோசடிக் கதையைத் தனிப்பட்ட முறையில் நம்பாத பிரபலங்களின் நிகழ்ச்சிகளிலேயே அது ஒலித்துக்கொண்டிருந்தது. 2023 ஏப்ரலில் ஃபாக்ஸ் 78 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைச் சமரசம் செய்துகொண்டது. நேயர் கேட்க விரும்பியதை மட்டும் சொன்னதற்கு விலை.

ஆனால் அதற்கு முன்பே வேறு சிலர் விலை கொடுத்துவிட்டார்கள். 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்தது. சுமார் 140 போலீசார் காயமடைந்தார்கள். அன்றிரவு அவை மீண்டும் கூடியபோதும் 147 உறுப்பினர்கள் முடிவை எதிர்த்தே வாக்களித்தார்கள். ஜார்ஜியாவில் ஓட்டு எண்ணும் வேலைக்குப் போன ஒரு தாயும் மகளும் மோசடிக்காரர்கள் என்று தொலைக்காட்சியில் காட்டப்பட்டு, கொலை மிரட்டலுக்கு ஆளானார்கள். தாய் வீட்டைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. டிரம்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானி அவர்களுக்கு 14 கோடியே 80 லட்சம் டாலர் தர வேண்டும் என்று 2023 டிசம்பரில் ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள்.

2024ல் டிரம்ப் மீண்டும் ஜெயித்தார். 312 தேர்வாளர் வாக்குகள். மக்கள் வாக்கில் 49.8 சதவீதம், கமலா ஹாரிஸுக்கு 48.3. முன்னெப்போதும் இல்லாத மக்கள் ஆணை என்று அன்றிரவே அறிவித்தார். ஜனவரி 6 வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு, பதவியேற்ற நாளிலேயே மன்னிப்பு வழங்கினார். தோற்ற தரப்பில், இடதுசாரிகள் கட்சி போதிய அளவு இடதாக இல்லை என்றார்கள். மிதவாதிகள் போதிய அளவு மிதமாக இல்லை என்றார்கள். அதே ஆண்டு பிரிட்டனில் ஆளும் கட்சி படுதோல்வி அடைந்தது, ஜப்பானில் ஆளும் கூட்டணி பெரும்பான்மையை இழந்தது, இந்தியாவில் பாரதிய ஜனதா தனிப் பெரும்பான்மையை இழந்தது. கொரோனாவுக்குப் பின் விலைவாசியால் நொந்த மக்கள் உலகெங்கும் ஆட்சியில் இருந்தவர்களைத் தண்டித்தார்கள் என்பது சாதாரண விளக்கம். சாதாரண விளக்கத்துக்குச் சந்தை குறைவு.

ரஷ் லிம்போ 2021 பிப்ரவரியில் இறந்தார். அதற்கு ஓராண்டு முன்பு, நாட்டின் மிக உயர்ந்த சிவிலியன் விருது அவருக்கு காங்கிரஸின் கூட்டு அமர்விலேயே அணிவிக்கப்பட்டது. 1994ல் கௌரவ உறுப்பினர். கடைசியில் தேசத்தின் கௌரவம். அவர் விட்டுப்போன நாற்காலிக்கு இன்று இரு தரப்பிலும் ஆயிரம் பேர் போட்டி.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அமெரிக்க வாக்காளர் கையில் ஒரு சீட்டு கொடுக்கிறார்கள். அதில் பெயர்கள் இருக்கின்றன, பக்கத்தில் குறியிட வட்டம் இருக்கிறது. 'ஏன்' என்று எழுத மட்டும் இடமில்லை. அந்த வெற்றிடத்தைத்தான் மறுநாள் காலையிலிருந்து மற்றவர்கள் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.